ஒரு 'திருமதி'க்காக

எண்பத்தாறில் டொரன்டோவில், கறுப்பினத்தவரின் வாரப் பத்திரிகை ஒன்றின் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்தேன். என் பத்திரிகை அனுபவம் அவ்வளவுதான். அதன் ஆசிரியர் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த நெடிய கறுப்பர். கறுப்பரை ஒதுக்கிவைக்கும் சட்டங்களை எதிர்த்து எழுதியதற்காக அங்கே அவருடைய அச்சகத்தை எரித்திருந்தார்கள். அவருடைய சொந்த ஊர் வெள்ளையரின் பத்திரிகை கிழமைதோறும் தபாலில் வரும். மனிதர் விரலை வைத்து வரிவரியாகப் பார்ப்பார்.

"என்ன தேடுறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு திருத்தம். என்ர அம்மா செத்த செய்தியில வெறும் பேரை மட்டும் போட்டவங்கள். கறுப்புப் பொம்பிளைக்கு அப்ப திருமதி போடமாட்டாங்கள். வருசாவருசம் கடிதம் எழுதுறன்."

அவர் சொன்ன ஆங்கிலம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே நிற்கிறது.

"உங்கட பேப்பரிலயே போடலாமே?"

"போட்டனான். ஆனா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட சனம் இதை வாசிக்காதே."

பிறகு மிசிசாகாவில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். அந்தத் திருத்தம் வந்ததா என்று கேட்க இரண்டு முறை போனை எடுத்தேன். "இன்னும் இல்லை" என்று அவர் சொன்னால் என்ன பதில் சொல்வது? ஊரில் வாய்க்காரன் என்று பெயரெடுத்த நான், இரண்டு முறையும் போனை வைத்துவிட்டேன்.