எட்டுப் பக்க மலர்

எட்டுப் பக்கம், மஞ்சள் அட்டை, நடுவில் துருப்பிடித்த ஒரேயொரு கம்பி. அட்டையில் நெற்றி நிறைய நீறு பூசிய ஒரு முதியவரின் படம். அச்சு மை ஊறியதில் அவருடைய ஒரு கண் மறைந்துவிட்டது. என் அலுமாரியின் அடித்தட்டில், கடை நடத்திய காலத்துக் கடதாசிகளுக்குக் கீழே, பதினொரு வருடம் இந்தப் புத்தகம் கிடந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அது என்னுடையதும் அல்ல.

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு நினைவு மலர் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். தேவாரம் இருக்கும், செத்தவரின் வாழ்க்கை வரலாறு இருக்கும், யாருக்கு யார் பிள்ளை என்ற வம்சாவளி இருக்கும். என் தகப்பனாருக்கு நான் அடித்த மலர் தொண்ணூற்றாறு பக்கம். வழுவழுப்பான தாள், நிற அட்டை. எங்கள் ஊர் நாரந்தனையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு மலர் வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, தெற்கே ஒரு பட்டினத்தில் கடையொன்றில் மூட்டை தூக்கி, பிறகு அதே தெருவில் என் பெயரில் கடை திறந்தவன். படித்தவர்கள் எனக்கு முன்னால் கதிரை நுனியில் இருந்து கதைத்திருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கமான விஷயம் இனித்தான் வருகிறது.

அந்த மலரில், ஊர் வாசிகசாலைக்குக் காணி கொடுத்தவர் என் தகப்பனார் என்று போடுவித்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் அந்த இடத்தில் பேனையை நிறுத்தி ஒருக்கால் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார். என் தகப்பனாரிடம் கொடுக்கக் காணி இருக்கவில்லை. மற்றவர் தோட்டத்தில் கொத்தி வாழ்ந்த மனிசன். வாசிகசாலைக்கு அத்திவாரம் வெட்டியபோது கல் சுமந்தவர், கூரைக்கு ஓலை வேய்ந்தவர். அதை அப்படியே போட்டிருக்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்கும் அந்தியேட்டியில், என் தகப்பன் கல் சுமந்தார் என்று அச்சில் போட எனக்கு மனம் வரவில்லை. காணியைக் கொடுத்தவர் நாகமுத்து என்று ஒரு பெண்மணி. கலியாணம் கட்டாதவர், பிள்ளை குட்டி இல்லை, அவருக்கு மலர் அடிக்க ஆளில்லை. உறுதிப் பத்திரம் எழுதாமல், இரண்டு பனையை எல்லையாகக் காட்டி வாய்ச்சொல்லால் கொடுத்த காணி. தெரிந்தவர்களில் பாதிப்பேர் போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டார்கள், மீதிப்பேர் இறந்துவிட்டார்கள்.

அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் பல்கலைக்கழக நூலகர் எங்கள் ஊருக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது மதிக்கலாம். குரலை உயர்த்தாத பெண். நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர், சத்தம் போடாதே என்பவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் ஒரு பாடமும் நடத்தினார். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஒரு தகவலை எப்படித் தேடுவது, தேடி எடுத்ததை எந்த அளவுக்கு நம்புவது என்று பழக்குகிற பாடம். கைப்பேசியில் முதலாவதாக வருவதை எழுதிக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளைகளை அவர் எங்கள் தீவுப் பக்கத்து ஊர்களுக்குக் கூட்டிவருவார். வீடு வீடாகப் போய் நினைவு மலர்களை இரவல் வாங்கிப் படியெடுத்து, நூலகத்தில் சேர்த்து வைப்பார். அந்த முறை நாரந்தனைக்கு வந்தபோது, பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்வி கொடுத்திருந்தார்: இந்த வாசிகசாலைக் காணியைத் தந்தது யார்?

சனிக்கிழமை காலை, அதே வாசிகசாலைக்குள் கூட்டம். வாசிகசாலைச் சங்கத் தலைவர் என்ற முறையில் நான் முன் கதிரையில் மாலையோடு இருந்தேன். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழும்பி என் தகப்பனாரின் பெயரைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நான் தலையை அசைத்தேன். கடைசியில் ஒரு மெலிந்த பிள்ளை எழும்பினாள். கையில் இந்த மஞ்சள் அட்டைப் புத்தகம். பக்கத்து ஊரான சுருவிலில் ஒரு அக்காவிடம் இரவல் வாங்கியது, நாகமுத்துவின் தம்பிக்கு அடித்த மலர். அதில் ஒரு வரி: தமக்கையார் நாகமுத்து வாசிகசாலைக்குக் காணி ஈந்த நாளில் கூடநின்று எல்லை பிடித்தவர்.

நூலகர் இரண்டு மலரையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை நம்பலாம் என்று பிள்ளைகளைக் கேட்டார். பின்வரிசையில் ஒருவன், பெரிய புத்தகத்தை, அதுதான் நல்ல தாள் என்றான். “அப்பிடியெண்டா கலியாண அழைப்புக் காட்டுகளைத்தான் முதல் நம்போணும்” என்றார் நூலகர். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. சின்ன மலர் தன்னுடைய ஆளைப் பெருமைப்படுத்த அந்த வரியைச் சொல்லவில்லை, வேறொருவரைப் பற்றிப் போகிற போக்கில் சொல்கிறது, இலாபமில்லாமல் சொல்கிற சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுக்கவேண்டும் என்றார். அதற்காக அதுவே உண்மை என்றும் முடிவு கட்டவில்லை. என் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டார், மலர் எழுதும்போது இந்தத் தகவலை யார் சொன்னது என்று.

“நான்தான் சொன்னனான். காணாதோ?” என்றேன்.

“காணாது ஐயா. நான் சொன்னாலும் காணாது.”

பகிடியாகச் சொல்லவில்லை, குத்தலும் இல்லை. ஆனால் என் சொல் போதாது என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. மாலை கழுத்தில் கனத்தது.

மதியம் எல்லாரையும் என் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்திருந்தேன். மேல்மாடி, தேக்கு மேசை எல்லாவற்றையும் காட்டவேண்டும் என்ற ஆசை. பிள்ளைகள் கைகழுவக் கிணற்றடிக்குப் போனார்கள். அந்த மெலிந்த பிள்ளையின் பை விறாந்தைக் கதிரையில் இருந்தது, மஞ்சள் அட்டை வெளியே தெரிந்தது. நான் யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல ஏலாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல ஏலாது. எடுத்தேன், உள்ளே போனேன், அலுமாரியைப் பூட்டினேன். வெளியே வந்து அந்தப் பிள்ளைக்கே முதல் ஆளாக வடைத் தட்டை நீட்டினேன்.

அடுத்த கிழமை நூலகர் அந்தப் பிள்ளையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பிள்ளையின் முகம் அழுது வீங்கியிருந்தது. சுருவில் அக்காவிடம் இருந்த ஒரே பிரதி அதுதான், இன்னும் படியெடுக்கப்படாதது, இடம்பெயர்ந்தபோது சீலைக்குள் சுற்றிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டில் எங்கேயாவது விழுந்து கிடந்ததா என்று நூலகர் கேட்டார். நான் இல்லை என்றேன். அதோடு நின்றிருக்கலாம். “இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு அடுத்தவன்ரை சாமான் எண்டா பயமில்லைத் தங்கச்சி” என்றும் சொன்னேன். பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். நூலகர், “பிள்ளையிலை பிழையில்லை ஐயா. இரவல் வாங்கினது நூலகம், பொறுப்பு என்ரை” என்று சொல்லிவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு வேறொரு பிரதி தேடி வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டிலும் அலுமாரி திறக்கவில்லை. பல்கலைக்கழகத்துக் கம்பஸ்காரர் உங்கள் செத்த ஆட்களைப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துச் சிரிக்கிறார்கள் என்று ஊருக்குள் கதை பரவியிருந்தது. பரப்பியது நான். அதற்குப் பிறகு நூலகர் எங்கள் பக்கத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரவேயில்லை. இந்தப் பதினொரு வருடத்தில் எத்தனை வீடுகள் பூட்டப்பட்டன, எத்தனை அலுமாரிகளைக் கறையான் தின்றது, எத்தனை மலர்கள் குப்பையோடு எரிந்தன என்பதற்கு இனி ஒருவரிடமும் கணக்கில்லை.

போன மாதம் வாசிகசாலையைத் திருத்திக் கட்டி, வாசலில் கருங்கல் பதிப்பது என்று சங்கம் முடிவெடுத்தது. செயலாளர் தம்பி சந்தோசமாக வந்து, “உங்கடை ஐயாவின்ரை பேரைத்தான் வெட்டப் போறம்” என்றான். கடதாசியில் இருந்தவரை என்னால் நித்திரை கொள்ள முடிந்தது. கல்லில் என்றதும் முடியவில்லை. அந்தக் கல்லைப் பார்த்தால், கல் சுமந்த என் தகப்பனே சிரிப்பார் என்று பட்டது.

புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்ற, காவலாளி தேவையில்லை ஐயா என்றான். நூலகருக்கு முடி நரைத்துவிட்டது, இந்த வருடம் ஓய்வு என்றார். என் தகப்பனாரின் மலரைக் காட்டும்படி கேட்டேன். சாம்பல் நிறப் பெட்டியொன்றிலிருந்து எடுத்தார். அதற்குள் அவருடைய கையெழுத்தில் ஒரு துண்டு இருந்தது: வாசிகசாலைக் காணி பற்றி வேறு கூற்றும் உண்டு, சான்று தற்போது கையில் இல்லை. ஊரில் எல்லாரும் மறந்துபோன பிறகும், அந்தச் சந்தேகத்தை இந்தப் பெண் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார். நான் மஞ்சள் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஒரு தாளையும் பேனையையும் முன்னால் தள்ளினார்.

“இதை எழுதித் தாங்கோ ஐயா.”

என் எழுத்து வடிவில்லை, நான் ஐந்தாம் வகுப்பு என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக அதைப் பெருமையில்லாமல் சொன்னேன்.

“வடிவு தேவையில்லை. உங்கடை கையெழுத்தா இருந்தாக் காணும்.”

எழுதிக் கொடுத்தேன். என் தகப்பனாரின் மலரை எடுத்துவிடுங்கள் என்றும் கேட்டேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை, நாங்கள் ஒன்றையும் எறிவதில்லை என்றார். பொய்யும் நான் எழுதிய தாளும் இப்போது ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. மஞ்சள் மலரைப் படியெடுத்துவிட்டு, மூலத்தை என் கையிலேயே திருப்பித் தந்தார். அது நூலகத்தின் சாமான் அல்ல, அந்த வீட்டின் சாமான், கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியது நான் என்றார். அந்தப் பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதித் தந்தார்.

சுருவில் வீடு பூட்டியிருந்தது. அக்கா காலமாகி மூன்று வருடம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அழைத்துச் சொன்னேன். “அம்மா கடைசிமட்டும் அந்தக் கம்பஸ் பிள்ளையைத்தான் திட்டினவ, ஐயா” என்றார். மலரை வைத்திருங்கள், வரும்போது வாங்குகிறேன் என்றார். சங்கக் கூட்டத்திலும் எழும்பிச் சொன்னேன். நாகமுத்து என்றே கல்லில் வெட்டச் சொல்லியாயிற்று. சிலர் இப்போது என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்க்கிறார்கள். அதைப் பொறுக்கலாம்.

பொறுக்க ஏலாமல் இருந்தது அந்தத் தொலைபேசி இலக்கம்தான். ஐந்து நாள் கையில் வைத்திருந்தேன். ஆறாம் நாள் பின்னேரம் அழைத்தேன். அவள் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆர் கதைக்கிறது என்று கேட்டாள். யார் என்று கேட்டால் ஊர், கடை, மாடிவீடு, சங்கத் தலைவர் என்று வரிசையாகச் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அன்றைக்கு அதில் ஒன்றும் வரவில்லை.

“அந்த மஞ்சள் புத்தகத்தை உம்மடை பையிலை இருந்து எடுத்தது நான், பிள்ளை” என்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடம் சொல்லும் சத்தம் கேட்டது. அவள் கதவை மூடியிருக்கவேண்டும், சத்தம் நின்றது. நான் மன்னிப்புக் கேட்க ஆயத்தமானேன். அவள் கேட்டது வேறு.

“இது லைப்ரரி மிஸ்ஸுக்குத் தெரியுமோ?”

“தெரியும். முதல் அவவுக்குத்தான் சொன்னனான்.”

அவள் மூச்சு விடுவது கேட்டது. பதினொரு வருடம் அடக்கி வைத்த மூச்சு. நான் மேலும் ஏதோ சொல்லத் தொடங்கினேன். “பாடம் இருக்கு ஐயா” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.