நாலு காலும் மேலே

போன வாரம் நல்லா இருந்த ஒரு நாயைச் சாகடித்துவிட்டேன்... போனில்தான்.

புதுச்சத்திரம் பக்கத்தில் மகனுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் அங்கேதான். மருமகள் வளர்க்கும் நாயின் பெயர் டைகர். பெயரில் மட்டும்தான் புலி. தூக்கத்தில் பின்னங்கால்களைப் பரப்பித் தவளையாகிவிடும். சில நாள், பென்ஷன் ஆபீஸ் வாசலில் காத்திருப்பவரைப் போலச் சுவரில் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தே உறங்கும். காலி முட்டை அட்டைதான் தலையணை.

என்னைப் பார்க்கப் பழைய மாணவர்கள் வந்தால் என் ஈஸிசேரில் மல்லாந்து கிடக்கும். எனக்கு மானம் போகும். எங்காவது அனுப்பிவிடு என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மேட்டூரிலிருந்து மருமகளின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவள் எதிர்த்துப் பேசவில்லை. என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை. தீவன மூட்டை ஒன்று கிழிந்து வாசலில் சிந்தியிருந்தது. பக்கத்தில் டைகர் — நாலு காலும் மேலே, நாக்கு வெளியே, அசைவில்லை.

பண்ணைக்காரர் வீட்டில் ஓர் உயிர் இப்படிக் கிடந்தால் முதல் சந்தேகம் எதன் மேல் வரும்? தீவனத்தின் மேல்தான். ஜன்னலில் நின்றபடியே மகனுக்குப் போன் செய்தேன்.

"நாய் செத்துக் கெடக்குது சாமி. கோழிக்குத் தீவனம் போட்றாதே."

அவ்வளவுதான். எல்லா ஷெட்டிலும் தீவனம் நின்றது. பசித்த கோழிகளின் கூச்சல் ரோடு வரை கேட்டது. மகன் கால்நடை டாக்டரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்து வந்தான். அதற்குள் மருமகள் ஓடிவந்து டைகரின் வயிற்றில் கை வைத்தாள்.

டைகர் ஒரு கண்ணைத் திறந்தது. கொட்டாவி விட்டது. மறுபக்கம் புரண்டு, விட்ட இடத்திலிருந்து தூங்கியது.

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பயமில்லாத இடத்தில்தான் நாய் வயிற்றைக் காட்டித் தூங்கும் என்றார். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க மாமா, காலேஜ்ல ஜுவாலஜிதானுங்களே நடத்துனீங்க? கிட்டப் போய்த் தொட்டுப் பாத்திருக்கலாமுங்களே."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளில் நான் அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அது மட்டுமா? செத்துவிட்டது என்று நினைத்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. மேட்டூருக்கு அனுப்பும் வேலை மிச்சம் என்ற நிம்மதி. என்னை நம்பி என் வாசலில் வயிற்றைக் காட்டிப் படுத்திருந்த உயிரைப் பற்றி இப்படி ஒரு நினைப்பு!

சாயங்காலம் மருமகள் டைகரின் தட்டையும் சங்கிலியையும் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணன்கிட்ட நாய் வராதுன்னு சொல்லிடு கண்ணு. தப்பு என்மேலதான்" என்றேன்.

"நாளைக்கு யாராச்சும் உங்களைப் பாக்க வந்தா மறுக்கா இதே பேச்சு வருமுங்க. மொதல்ல அதைத் தொடுங்க, பாக்கலாம்."

குனிந்தேன். முட்டி வலித்தது. தயங்கித் தயங்கி அதன் வயிற்றில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. டைகர் கண்ணே திறக்கவில்லை. பின்னங்கால் மட்டும் காற்றில் சைக்கிள் மிதித்தது. மருமகள் பையிலிருந்து தட்டை எடுத்து வெளியே வைத்தாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தார் — சும்மா, தங்கையைப் பார்க்க, கையில் மேட்டூர் மீனோடு. முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டை டைகருக்கு நானே ஊட்டினேன்.

டைகர் துரை எழுந்திருக்கவில்லை... படுத்தபடியேதான் சாப்பிட்டார்.