வலை இழுத்த பங்கு

புதுக்கோட்டையில் எனக்கு இரண்டு ஜவுளிக்கடை. என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்களே தவிர, ஒரு கை கொடுங்கள் என்று யாரும் கூப்பிட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒருநாள், கடை வேலையாக மணமேல்குடி போனவன் மீன் வாங்கலாமென்று கடற்கரைக்கு நடந்தேன். கரையில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் பற்றவில்லை.

“ஐயா, சும்மா நிக்கிறீங்களே, இந்தக் கயித்தப் பிடிங்க!” என்று ஒரு பெண் அதட்டினாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தேன். உள்ளங்கை உரிந்தது. வலை கரையேறியதும் எனக்கும் ஒரு கூறு மீன் வைத்தாள். நான் ரூபாய் நோட்டை நீட்டினேன்.

“கயிறு பிடிச்சவுகளுக்குப் பங்கு உண்டுங்க. பங்குக்கு யாராச்சும் காசு குடுப்பாகளா?” என்று சிரித்துவிட்டாள்.

வீட்டில் மனைவி, “என்ன விலைங்க?” என்று கேட்டாள்.

“விலைக்கு வாங்கலடி. இது என் பங்கு!”

கடை லாபத்தை அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் குரலில் ஒருநாளும் சொன்னதில்லை.