செத்தவருக்குக் கீழே ஒட்டியிருந்த அறிவித்தல்

எங்கள் பிரதேச சபைக் கந்தோரின் கதவில் பளபளவென்று ஓர் ஒட்டுத்தாள் இருக்கிறது. தகவலை அறிவது உங்கள் உரிமை என்று மும்மொழியிலும் சொல்லும். கந்தோர் திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்தக் கதவு உட்சுவரோடு ஒட்டிக் கிடக்கும். ஒட்டுத்தாள் சுவருக்குப் பாடம் நடத்தும். பூட்டிய பிறகுதான் எங்களுக்கு உரிமை தெரியவரும்.

பக்கத்து வளவு அக்கா வெங்காயம் செய்பவர். அவருடைய தோட்டக் கிணற்றுக்கு அப்பால், கல் வெட்டி முடிந்து கைவிட்ட பெரிய பள்ளக் கிடங்கு ஒன்று உண்டு. மலக்குழி இறைக்கிற பவுசர் வண்டிகள் அள்ளி வருவதை அதற்குள் கவிழ்க்கப் போகிறார்கள் என்று அச்சுவேலிச் சந்தையில் கதை. சுண்ணாம்புக் கல் பூமி இது. மேலே மனிதர் ஒரு சாண் நிலத்துக்கு வேலி போட்டு வெட்டுப்படுவார்கள். கீழே தண்ணீருக்கு வேலி கிடையாது. கிடங்கில் விழுவது கிணற்றில் ஏறும்.

"தம்பி, நீர் பேப்பரிலை எழுதிற ஆள். நீர் கேட்டால் சொல்லுவாங்கள். வாரும்" என்றார் அக்கா.

போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னார்: "கிடங்கு விசயமோ? அது பகிரங்கமாய்ப் போட்டாச்சே. மறுப்பு இருந்தால் பொதுமக்கள் எழுதித் தரலாம்."

"எங்கை போட்டிருக்கு?"

"வெளியிலை, பலகையிலை."

"எந்தத் திகதிக்குள்ளை தரோணும்?"

"திகதியும் பலகையிலைதான்."

பலகையில் ஒரு செத்தவர் இருந்தார். கண்ணீர் அஞ்சலி. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, பலகையின் அகலத்துக்குச் சிரித்துக்கொண்டு, கனடா, லண்டன், சுவிஸ் என்று பிள்ளைகளின் ஊர்களைக் காலடியில் பரப்பிக்கொண்டு. அரச அறிவித்தல் அவருக்குக் கீழே மூச்சு முட்டிக் கிடந்தது. எங்கள் ஊரில் தேர்தலில் நிற்பவரின் முகத்தை அன்று பின்னேரமே கிழிப்பார்கள். செத்தவரின் முகத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை மழையைத் தவிர வேறொருவரும் கை வைக்கமாட்டார்கள். கிணறு நாறினாலும் மரியாதை நாறக்கூடாது என்கிற சனம் நாங்கள்.

உத்தியோகத்தர் யன்னலால் எட்டிப் பார்த்தார். "நாங்கள் ஒட்டினது ஒட்டினதுதான். மேலை ஆள் வந்தால் நாங்கள் என்ன செய்யிறது?"

"உங்கடை கம்ப்யூட்டரிலை இருக்கும்தானே? ஒரு பிரதி எடுத்துத் தாங்கோவன்" என்றேன்.

"அதுக்குத் தகவல் உத்தியோகத்தரிட்டை விண்ணப்பிக்கோணும் அண்ணை. பதில் வரக் கொஞ்சநாள் செல்லும்."

"அதுக்கிடையிலை மறுப்புத் திகதி முடிஞ்சிடாதே?"

"அதை நான் எப்பிடிச் சொல்லுறது? திகதி பலகையிலை எல்லோ இருக்கு!"

இந்த ஆளின் வீடு எங்கள் பின்னொழுங்கையில். அவர் ஊதிய தேத்தண்ணியும் அதே நிலத்துத் தண்ணீர்தான். அதைக்கூட ஒருவர் விண்ணப்பித்துத்தான் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் போலும். நானும் பெரிய ஆள் அல்ல. குடிமக்களின் குரல் என்று பக்கம் பக்கமாக எழுதிய என் கை, செத்தவரைக் கண்டதும் காற்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அக்கா சைக்கிளில் ஏறினார். திரும்பி வரும்போது பின்கரியரில் ஓர் அம்மா இருந்தார். செத்தவரின் மனைவி. கையில் ஈரத்துணி.

அம்மா பலகைக்கு முன்னால் நின்று கணவரை ஒருமுறை பார்த்தார். "இருக்கேக்கையும் உந்த மனிசன் ரீவியை மறைச்சுக்கொண்டுதான் இருக்கும். தள்ளி இருங்கோ, தள்ளி இருங்கோ எண்டு சொல்லி என்ரை தொண்டைதான் வறண்டது." சொல்லிக்கொண்டே மூலைகளை நனைத்து, காது கிழியாமல், கன்னம் கிழியாமல் உரித்தெடுத்தார்.

கீழே எழுத்து தெரிந்தது. எங்கள் கிடங்குதான். மறுப்புக்குக் கடைசி நாள் அன்றைக்குத்தான்.

சைக்கிள் சீற்றில் தாளை வைத்து நான் எழுதினேன். மூவரும் கையெழுத்து வைத்தோம்.

உத்தியோகத்தர் தாளைத் தொடவில்லை. "இப்ப இதை என்னெண்டு எடுக்கிறது? ஒரு மறுப்பும் வரேல்லை எண்டு காலமையே அறிக்கை அடிச்சு வைச்சாச்சு."

நாள் முடிய முன்னமே எங்கள் மௌனத்தை எங்களுக்காகத் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறார்கள். என்ன கரிசனை!

"கந்தோர் எப்ப பூட்டுறது?" என்று கேட்டார் அக்கா.

"நாலேகாலுக்கு."

"அப்ப நேரம் கிடக்கு. திருப்பி அடியும். நான் இருந்து பாக்கிறன்."

சுவரோரம் கிடந்த மரவாங்கில் இருந்துவிட்டார். வெங்காயம் காயும்வரை பார்த்திருக்கத் தெரிந்தவர் அவர். உத்தியோகத்தர் இரண்டு விரலால், சொந்தப் பல்லைப் பிடுங்குகிறவர் மாதிரி, ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். மறுப்புக் கிடைத்தது என்று அச்சாகி வந்த பக்கத்தை அக்கா வாசித்த பிறகுதான் எழும்பினார்.

வெளியே அம்மா, மிச்சமிருந்த பசை ஈரத்தில் கணவரைப் பலகைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். "உதிலை நில்லுங்கோ. இனி ஒண்டையும் மறையாதேங்கோ."

பவுசர் இன்னும் வரவில்லை. வராது என்று ஒருவரும் சொல்லவுமில்லை. கேட்டால் பலகையைப் பார்க்கச் சொல்கிறார்கள். இப்போது அக்கா கந்தோர் வழியாகச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஈரத்துணி ஒன்றும் கொண்டு போகிறார்.