ஆற்றுக் காசுக்குத் தனி மேசை

ஸ்தனிஸ்லாஸ் அண்ணனிடம் எதைக் கொடுத்தாலும் இரண்டு பக்கமும் பார்ப்பார். காசு, நோட்டு மட்டுமில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பார். தர்மபுரி-ஒகேனக்கல் பஸ்ஸில் இருபத்தொன்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். கிழிந்த நோட்டை நாலாக மடித்துக் கையில் திணிக்கிறவர்கள், செல்லாக் காசைச் சில்லறையோடு கலந்து நீட்டுகிறவர்கள் என்று இந்த ஜில்லாவின் தில்லுமுல்லு எல்லாம் அவர் கை வழியாகப் போயிருக்கிறது. ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் ஆகியும் அந்தப் பார்வை மட்டும் இன்னும் வேலையில்தான் இருக்கிறது.

சர்ச்சிலும் அப்படித்தான். பூசையில் காணிக்கைப் பை தன் வரிசைக்கு வந்தால் உள்ளே எட்டிப் பார்ப்பார். பழைய காசு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய் இரண்டு மடங்கு கொடுத்து அதை மாற்றிக்கொண்டு வருவார். அவர் சம்சாரம் ராஜமேரி அக்காவுக்கு இதில் மானமே போகும். "செபம் பண்ண வந்த மனுசன் காணிக்கப் பைய எட்டிப் பாத்தா ஊரு என்னா நெனைக்கும்?" என்று என்னிடமே எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறார்.

என் பெயர் மாதவராஜ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு நாங்கள் நாலு பேர் உள்ளே உட்காருவோம். ஸ்தனிஸ்லாஸ் அண்ணன், அதியமான்கோட்டையில் தக்காளி போடுகிற கோவிந்தண்ணன், பொம்மிடியிலிருந்து பஸ் பிடித்து வரும் பானுமதி டீச்சர், நான். நாலு பேருக்கும் பழைய காசுப் பைத்தியம். ஒருவருக்கு ஒன்று என்றால் மற்ற மூவரும் ஓடுவோம். ஆனால் ஒரு காசு எங்கே கிடைத்தது என்று கேட்டால் மட்டும் எவரும் வாய் திறக்க மாட்டோம். காசு சேர்க்கிறவர்களின் பிறவிக் குணம் அது.

ஸ்தனிஸ்லாஸ் அண்ணனிடம் ஒரு காசு இருந்தது. அது கிடைத்த கதையை மட்டும் விதிவிலக்காக எங்களிடம் சொல்லியிருந்தார். ஆடிப் பெருக்குக்கு வருகிறவர்கள் ஆற்றில் வீசும் சில்லறையைக் கோடையில் தண்ணீர் வற்றியதும் பரிசல்காரர்கள் பொறுக்குவார்கள். கறுத்துப்போன அந்தச் சில்லறையைக் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள். அன்பு என்ற பரிசல்காரர் அதை ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து பஸ்ஸில் இவரிடம் மாற்றிக்கொண்டு போவார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அந்த வாளிக்குள் சுண்டுவிரல் நகம் அளவில், சதுரமாக, பச்சைக் களிம்பு படிந்த செப்புக் காசு ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் மீன் மாதிரி ஏதோ ஒன்று.

அது நிஜமாகவே பழங்காலத்துக் காசா, இல்லை எவனோ வார்த்து விற்ற போலியா? இந்த ஒரு கேள்விதான் அவர் வாழ்க்கையை அரித்தது. தெரிந்தவர்களிடம் காட்டிக் கேட்டால் பதில் கிடைத்துவிடும். ஆனால் காட்டினால் மாற்றிவிடுவார்கள், பிடுங்கிவிடுவார்கள், போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். கையில் கொடுக்கவே மாட்டார். போட்டோ எடுக்கவும் விட்டதில்லை. எங்களுக்கே ஒரே ஒரு தடவை, உள்ளங்கையில் வைத்து, இரண்டு பக்கமும் திருப்பி, பத்து எண்ணுவதற்குள் காட்டி மூடிக்கொண்டார். "சாவறதுக்குள்ள இது அசலா போலியான்னு ஒருத்தன் சொல்லிட்டாப் போதும்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

போன தை மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. பென்னாகரம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் நாணயக் கண்காட்சி. அனுமதி இலவசம். உங்கள் காசுகளைக் கொண்டுவாருங்கள், நிபுணர்கள் பார்த்துச் சொல்வார்கள். கடைசி வரி: 'ஆற்றில் கிடைத்த காசுகளுக்குத் தனி மேசை உண்டு.' கீழே ஒரு போன் நம்பர். யார் நடத்துகிறார்கள் என்று பெயர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் டீ ஆறிப்போனது.

"சேலத்த வுட்டுட்டு, பெங்களூர வுட்டுட்டு, நம்மூருக்கு எதுக்கு வரானுங்க?" என்றார் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன்.

"ஏதாச்சும் புதுக் காசு வெளியிடுவாங்களா இருக்கும்," என்றார் பானுமதி டீச்சர். "இல்லன்னா யாவாரிங்க. நிபுணர்னு சொல்லிக்கிட்டு வந்து, நல்ல காச மட்டமாப் பேசி அடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"ஏன் எல்லாரும் தப்பாவே பேசுறீங்க? நல்லதுக்குக்கூட இருக்கலாம்," என்றார் கோவிந்தண்ணன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. சாதாரணமாக அவரை நிறுத்துவதுதான் கஷ்டம்.

"இலவசமாம், இலவசம்!" ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் போனை என் மேசையில் தட்டினார். "ஆத்துக் காசுக்குத் தனி மேசயாம். ஆத்துல, மண்ணுல கெடச்சது சர்க்காருக்குப் போவணும்னு சட்டம் இருக்குது. எவன்கிட்ட இருக்குதுன்னு தெரிஞ்சிக்க வைக்கிற பொறி இது. என்கிட்ட இருக்குதுன்னு நம்ம நாலு பேரத் தவிர யாருக்குத் தெரியும்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கோவிந்தண்ணனைப் பார்த்தேன். அவர் டீ கிளாசைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டமே விஷமாகிவிட்டது. டீச்சர் தன் ஆல்பத்தைக் கொண்டுவருவதை நிறுத்தினார். நானும் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கினேன், எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. கோவிந்தண்ணன் நடுவில் ஒருநாள் ஸ்தனிஸ்லாஸ் அண்ணனிடம், "அந்தக் காச ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன்யா" என்று கேட்டிருக்கிறார். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. "இத்தன வருசம் கேக்காதவன் இப்ப எதுக்குக் கேக்குறான்?" என்று இவர் என்னிடம் வந்து பொருமினார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, கடைவீதியில் வேறொரு ஜெராக்ஸ் கடையிலிருந்து கோவிந்தண்ணன் வெளியே வந்தார். கையில் ஒரு பெரிய கவர். என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பதினைந்து வருஷமாகப் பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் என் கடைக்கு வருகிற மனுஷன்! எனக்கு வந்தது வெறும் வியாபாரக் கோபம்தான். ஆனால் போனை எடுத்து ஸ்தனிஸ்லாஸ் அண்ணனிடம் நான் சொன்னது வேறு. "அண்ணா, கோவிந்தண்ணன் என்னமோ கவர மறச்சி எடுத்துட்டுப் போறாருங்க. எனக்கென்னமோ சரியாப் படலீங்க."

"நான் நெனச்சது சரிதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த நாள் என்ன நடந்தது என்று ராஜமேரி அக்கா பிற்பாடு சொன்னார். அண்ணன் காலையிலேயே புளியும் உப்பும் கேட்டு வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாராம். அந்தக் காசை ஒரு மணி நேரம் தேய்தேய் என்று தேய்த்தாராம். "களிம்பு இருந்தாத்தான ஆத்துக் காசு? இப்பச் சொல்லட்டும் பாக்கலாம். எங்க தாத்தா வூட்டுக் காசுன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றாராம்.

பழைய காசைக் கழுவக் கூடாது. இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அதை எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். டீச்சர் ஒரு தடவை ஓட்டைக் காலணாவைப் புளி போட்டு விளக்கிக்கொண்டு வந்தபோது, "குழந்த மூஞ்சியில ஆசிட் ஊத்துன மாதிரி பண்ணிட்டீங்களே டீச்சர்" என்று அவரை அழவைத்தவர். அப்பேர்ப்பட்டவர் தன் கையாலேயே அதைச் செய்தார். சந்தேகம் முற்றினால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது.

சனிக்கிழமை அண்ணனும் நானும் மண்டபத்துக்குப் போனோம். வாசலில் போலீஸ் இல்லை. சேலத்தில் இருந்து வந்த காசு சேர்க்கிறவர்கள் சங்கம் ஒன்று, எங்களைப் போன்ற பைத்தியங்கள்தான், மேசை மேசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்துக்கொண்டே போனார். ஆற்றுக் காசு மேசையில் ஐஸ்வர்யா என்று ஒரு பெண் லென்சும் சின்னத் தராசுமாக உட்கார்ந்திருந்தார். நதிகளில் கிடைக்கும் காசுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இன்னொருவர் கையில் கொடுத்தார்.

"எங்க தாத்தா வூட்டுது," என்றார்.

அந்தப் பெண் லென்சில் பார்த்தார். எடை போட்டார். திரும்பவும் பார்த்தார். "எதுலங்க ஐயா கழுவுனீங்க?"

"கழுவலம்மா."

"செம்பு ரோஸ் கலர்ல பளபளன்னு இருக்குதுங்களே. உருவமும் தேஞ்சிபோச்சி." அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "களிம்பு இருந்திருந்தா அத வச்சே சொல்லியிருப்பேன். எத்தன காலம் தண்ணியில கெடந்துச்சின்னு அதுதாங்க சாட்சி. இப்ப இது பழசாவும் இருக்கலாம், போன வாரம் வாத்ததாவும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதுங்க."

அண்ணன் காசைத் திரும்ப வாங்கக்கூடக் கை நீட்டவில்லை.

அப்போதுதான் கோவிந்தண்ணன் மூச்சு வாங்க வந்தார். கையில் அதே கவர். "வந்துட்டியா? உனுக்குத் தெரியாம இருக்கணும்னுதான்யா ஒளிச்சி வச்சிருந்தேன். மாதவராஜ் கடையில அடிச்சா உனுக்குச் சொல்லிடுவான்" என்று சிரித்துக்கொண்டே கவரிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் நிறுத்தினார். லேமினேஷன் செய்த அட்டை. 'ஒகேனக்கல் ஆற்றுக் காசு. கண்டெடுத்துக் காத்தவர்: ம. ஸ்தனிஸ்லாஸ், கண்டக்டர். சதுரம். பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் மீன், வால் இரண்டாகப் பிரிந்தது. மறுபக்கம் ஓரத்தில் மூன்று புள்ளி.' பத்து எண்ணுவதற்குள் ஒரே ஒரு தடவை பார்த்ததை வரி பிசகாமல் எழுதியிருந்தார்.

"இவருதான் மூணு மாசமா எங்களுக்குப் போன் பண்ணிக்கிட்டே இருந்தாருங்க," என்றார் அந்தப் பெண். "தர்மபுரியில வைங்க, ஆத்துக் காசுக்கு ஆள் கூட்டிட்டு வாங்க, எங்காளு வெளியூர்க்கெல்லாம் அத எடுத்துட்டு வரமாட்டாருன்னு."

கோவிந்தண்ணன் அதற்குள் காசைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றுபோனது.

ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் அட்டையை எடுத்தார். மெதுவாகப் படித்தார். பிறகு பழக்கத்தில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்னால் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தார்.

"ஏன்யா தேச்ச?" என்று கோவிந்தண்ணன் அவர் தோளைப் பிடித்தார். "என்னப் பத்தி யாருய்யா உன்கிட்ட என்னா சொன்னது?"

அண்ணன் நிமிர்ந்தார். கண் நேராக என்னிடம் வந்து நின்றது.

"ஒருத்தரும் சொல்லல," என்றார். "நானாத்தான் நெனச்சிக்கிட்டேன்."