குளிப்பாட்டியவன் சொல்லக் கூடாதது

மையத்தை, இறந்தவரின் உடம்பை, குளிப்பாட்டுகிறவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த உடம்பில் தழும்பைக் கண்டாலும் ஊனத்தைக் கண்டாலும் வெளியே வாய் திறக்கக் கூடாது. கடலூர் முதுநகரில் எங்கள் ஜமாஅத்தில் இறந்த ஆண்களை என் தாய்மாமாவும் நானும்தான் குளிப்பாட்டினோம். அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்தாறு வயது. இப்போது ஐம்பதைத் தொடுகிறேன். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஓர் ஆள் எத்தனை காலம் ஒளிந்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஒருவன் இருந்தான், சிதம்பரத்துக்காரன். நடராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அப்பா இல்லை, அம்மா மட்டும். எங்களுக்குப் பக்கத்து மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். எங்கள் கயிற்றுக்கடைக்குத் துணி உலர்த்தக் கொடிக்கயிறு வாங்க வந்தவன் மூன்று வருஷம் வந்துகொண்டே இருந்தான். ஊருக்கு நாங்கள் கூட்டாளிகள். கடைக்குப் பின்னால், தேங்காய்நார் மூட்டைகளுக்கு நடுவே, நாங்கள் யார் என்பதற்கு எங்களிடமே வார்த்தை இல்லை. தேடவும் இல்லை. சின்ன வயதில் சிறுநீர் அடைத்து டாக்டர் அவனுக்கு முன்தோலை வெட்டியிருந்தார். அதைச் சொல்லிச் சிரிப்பான். "பாதி உங்க ஆளாயிட்டேன் மச்சான். மீதிய நீ பாத்துக்க."

எனக்கு நிக்காஹ் பேசினார்கள். அவனிடம் சொன்னேன். ஒரு கயிற்று நுனியைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப நான்?"

"நீயும் ஒருத்தியப் பாத்துக் கட்டிக்க. எல்லாரும் அப்படித்தான இருக்காங்க."

"எல்லாரும்னா யாரு? ரெண்டு பேரச் சொல்லு பாப்போம்."

அவன் எழுந்து போனான், கடல் இருக்கும் பக்கமாக.

நான்காம் நாள் கரையில் ஓர் உடம்பு ஒதுங்கியது. உடுப்பு இல்லை, முகம் இல்லை. தேடி யாரும் வரவில்லை. வெட்டிய தோலைப் பார்த்துவிட்டு, உங்கள் ஆள்தான், எடுத்துப்போய் அடக்குங்கள் என்று போலீஸ்காரர்கள் ஜமாஅத்துக்குச் சொல்லியனுப்பினார்கள்.

இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை மாமா மொண்டு ஊற்றினார். "எத்தன மீனத் தின்னானோ, அதுங்க இவனத் தின்னுருக்கு. கையில துணியச் சுத்திக்க மருமவனே."

தொப்புளிலிருந்து முழங்கால்வரை துணி போர்த்தி, அதற்கடியில் கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். பார்க்கக் கூடாது. என் கை பார்த்தது. இடது தொடையின் உட்புறம், மேடு தட்டிய ஒரு பழைய தையல். அதைத் துணி சுற்றாத விரலால் நூறு முறை தடவியிருக்கிறேன்.

"ஏன்டா நின்னுட்ட?"

"ஒண்ணுமில்ல மாமா. தண்ணி ஊத்துங்க."

சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எனவே கபன் துணி சுற்றினேன், கற்பூரம் வைத்தேன், தொழுகை வரிசையில் நின்றேன். எங்கள் மையவாடிக் குழியில் மேற்கே முகம் திருப்பி அவனைக் கிடத்தினோம்.

ஒரு மாதம் கழித்து, ஒரு நண்பகலில் கடையின் தார்க்கயிற்று வாடையை மீறிக் கடல் வாடை அடித்தது. சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் மூட்டைவரை போயிருந்தன. மூட்டைமேல் அவன். நேராகப் பார்த்தால் பழைய முகம். பார்வையைத் திருப்பினால் ஓரக்கண்ணில் மீன் தின்ற முகம்.

"உங்க மண்ணு கனமா இருக்குடா" என்றான். "பசிக்குது. மத்தியானத்துல எங்கிருந்தோ ஒரு வாய் சோறு வருது. அத வச்சுத்தான் இவ்ளோ தூரம் நடந்தேன். எங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு. கருமாதி பண்ணட்டும். நான் போயிடுறேன்."

போயிடுறேன். அந்தச் சொல்தான் என்னைக் கட்டிப்போட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கும் அதையே சொன்னேன். பேசிவைத்த நிக்காஹையும் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். நண்பகல்தோறும் அவன் வந்தான். தொட்டால் சில்லிட்டது, தலைமுடியிலிருந்து மணல் உதிர்ந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவனோ இளைத்துக்கொண்டே போனான். ஒருநாள் அவன் விலா எலும்புகளை எண்ண முடிந்தது. மறுநாள் காலை சிதம்பரத்துக்கு ரயிலேறினேன், சொல்லிவிடத்தான்.

அவன் அம்மா கொல்லை மதில்மேல் ஓர் உருண்டைச் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்தாள்.

"நீ அவன் கூட்டாளிதான தம்பி? யாருக்கும் தெரியாம தெனம் வைக்கிறேன். ஒருவேள செத்துப் போயிருந்தா பட்டினி கெடக்கக் கூடாதில்ல? நீயாவது சொல்லு. எதுவானாலும் தாங்கிக்கிறேன்."

வாயைத் திறந்தேன். செத்துவிட்டான் என்பது நாக்குவரை வந்தது. அதன் பின்னால் அவன் புறப்பட்டுப் போகும் முதுகும் வந்தது.

"இருக்கான்மா. பம்பாயில. கப்பல் வேல."

அவள் அப்படியே உட்கார்ந்தாள். பிறகு எழுந்து தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள். "உசுரோட இருக்கிற புள்ளைக்குப் படையல் வச்சேனே, பாவி நான்." காக்கையை விரட்டி, மதில்மேல் இருந்த சோற்றைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். "இனிமே வைக்க மாட்டேன். நீ உக்காரு, சாப்பிடு."

பானையில் மீந்திருந்த சோற்றை எனக்குப் போட்டாள். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் நண்பகல் அவன் நடந்து வரவில்லை. ஈரம் தரையில் இழுபட்டு வந்தது. என் வலது கையை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டான். பல் இறங்கியது. வாசலில் யாரோ தோணிக்காரர் பத்து முழம் கயிறு கேட்டார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.