ராணி கழுவிய இடது கால்

லிஸ்பன் மீன் துறையில் ஃபெலிஸ்மினாவின் வாய்க்கு அஞ்சாதவர் இல்லை. கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு, தலையில் மத்திக் கூடையோடு வெறுங்காலில் மேட்டுத் தெருவெல்லாம் ஏறி இறங்கி, இரண்டு பெண்களை வளர்த்தவள். பக்கத்துக் கூடைக்காரி நான். அவளிடம் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு தவக்காலத்தில் அவளுடைய இடது குதிகாலில் விஷமீன் முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. காயம் பார்க்கும் நாவிதர், "பத்து நாள் பாப்போம். ஆறலேன்னா கணுக்காலோட எடுத்துற வேண்டியதுதான்" என்றார். கால் போனால் கூடையும் போகும். அந்த நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, ஏசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, ராணி கால் கழுவும் பன்னிரண்டு ஏழைப் பெண்களில் அவளையும் சேர்த்தார்கள். புது உடுப்பு, செருப்பு, ஒரு கூடைச் சாப்பாடு கிடைக்கும்.

"அந்த ஜெர்மன்காரியா? பனிக்கட்டி! அவ முன்னாடி நான் காலை நீட்டணுமாக்கும்!" என்று சீறினாள் ஃபெலிஸ்மினா.

ராணி வந்து ஏழு மாதம். சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. அவர் வண்டி துறைப் பக்கம் வந்தால் நாங்கள் முதுகைத் திருப்பிக்கொள்வோம்.

"போடி கிறுக்கி! வலது காலை மட்டுந்தான் கழுவுவாங்க. இடது காலை யாரு பாக்கப்போறா?" என்று நான்தான் தள்ளிவிட்டேன்.

வழக்கம் அதுதான். பணிப்பெண்கள் முன்னதாகவே வலது காலைத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். ராணி நாலு சொட்டு ஊற்றித் துடைத்தால் முடிந்தது. ஆனால் புது ராணிக்கு அது தெரிய வேண்டுமே! வரிசையில் முதலில் இருந்த ஃபெலிஸ்மினா முன் மண்டியிட்டவர் இரண்டு காலுக்கும் கை நீட்டினார்.

"மகாராணி, வலது கால் மட்டுந்தான்" என்று சீமாட்டி ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"ஏன், இடது கால் நடக்கறதில்லையா?"

செருப்பு கழன்றதும் நாற்றம் குப்பென்று அடித்தது. சீமாட்டிகள் மூக்கைப் பொத்தினார்கள். ராணி இன்னும் குனிந்தார். போர்க்காலத்தில் தன் ஊரில் சிப்பாய்களுக்குக் காயம் கட்டிய கையாம் அது. எங்களுக்கு எங்கே தெரியும்? வெந்நீரும் சாராயமும் வரவழைத்து, மார்பில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினார். சடங்கை நடத்த வந்த ஆயர் காத்து நின்றார். பாடகர்கள் பாடியதையே திரும்பப் பாடினார்கள்.

"வலிக்கும். கத்திக்கோ."

சொல்லியா தர வேண்டும்? துறையில் உள்ள கெட்ட வார்த்தை முழுவதையும் அரண்மனையில் கொட்டினாள். கடைசியில் முள் வந்தது. ராணி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த வார்த்தையெல்லாம் என் போர்த்துகீசிய வாத்தியார் சொல்லித் தரவே இல்லையே" என்றாராம்.

கால் பிழைத்தது. ஆறு வாரத்தில் அவள் கூடையைத் தூக்கிவிட்டாள்.

அன்றைக்கே ராணியின் வண்டி துறை வழியே வந்தது. பழக்கதோஷத்தில் நாங்கள் முதுகைக் காட்டினோம். நான் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தேன். ராணி எந்த முகத்தையும் பார்க்கவில்லை. வரிசையாக நின்ற எங்கள் வெறுங்கால்களையே தேடிக்கொண்டு வந்தார்.

ஃபெலிஸ்மினா முன்னே போனாள். வலது காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு, தலைக்கூடை ஆடாமல், இடது காலில் மட்டும் நின்றாள்.

ராணி வாய்விட்டுச் சிரித்தார்.